இருபத்தைந்து லிட்டர் வெந்நீர்

கோத்தகிரிக்கு மேலே, தொழிற்சாலை மூடி நாலு வருஷம் ஆன பிறகும் அதன் பெயராலேயே பித்தான் காலனி என்று அழைக்கப்படுகிற இருபத்திரண்டு வீடுகளும் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு மார்கழிக் காலையில், பதினான்காம் நம்பர் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்கிய பதினெட்டு வருஷத்துப் பழைய ஹீட்டர், அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற வயர் முந்தின நாளே கருகி உதிர்ந்திருந்தும், வெந்நீர் கொடுத்தது.

அந்த வீட்டுக்காரன் தவராஜ், பித்தான் அச்சு மெஷினில் பதினாறு வருஷம் நின்றவன், நாலு வருஷமாக எங்கேயும் நிற்க இடமில்லாதவன். கருகின வயரைப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டியை இரண்டு உள்ளங்கையாலும் தொட்டுப் பார்த்தான், பிறகு சும்மா குழாயைத் திறந்தான், ஆவி பறந்தது. நடந்தது அவ்வளவுதான். இருபத்தைந்து லிட்டர் பிடிக்கிற தொட்டி அது. அன்றைக்கு அதிலிருந்து முப்பது வாளி பிடித்த பிறகும் முதல் வாளியின் சூடு முப்பதாவது வாளியில் இருந்தது.

முதலில் வந்தவள் பதினைந்தாம் நம்பர் ஹசீனா. ஏழு மாசத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தவராஜின் மனைவியிடம், "அக்கா, ஒரு வாளி கிடைக்குமா, வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு" என்று கேட்டு வாங்கிப் போனாள். அன்று முழுக்க அந்தக் குழந்தையின் பாதம் சில்லிடவில்லை. அடுத்து வந்தவர் காலனிச் சங்கத் தலைவி சம்பூர்ணம் டீச்சர். முட்டி இரண்டும் தேய்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்குகிறவர், அந்தத் தண்ணீரில் ஒரு தடவை குளித்துவிட்டுக் கைப்பிடியைத் தொடாமல் நேராக இறங்கினார், இறங்கிவிட்டுத் திரும்பி ஏறினார், ஏறிவிட்டு மறுபடியும் இறங்கினார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வீடும் வந்தது.

அந்தத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு மறுநாள் விடிகிறவரை குளிர் தெரியவில்லை. ஆண்கள் பனியனோடு உறைபனியில் நடந்து பால் வாங்கப் போனார்கள், பெண்கள் ஸ்வெட்டர்களைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். கூட்டம் முட்டிக்கொள்ளக் கூடாது என்று டீச்சர் ஒரு முறை வைத்தார். தொழிற்சாலை மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாக மூட்டை மூட்டையாகக் கொடுத்த பித்தான்கள் எல்லார் வீட்டுக் கட்டிலடியிலும் கிடந்தன, அவற்றையெல்லாம் டீச்சர் வாங்கி வைத்து வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தார், நீலப் பித்தானுக்கு ஒரு வாளி, சிவப்புப் பித்தானுக்கு இரண்டு வாளி, பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோயாளிக்கும் வெள்ளைப் பித்தான். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கருகின வயரைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார், பிறகு வெளியூர்க்காரர்களுக்கு எந்த நிறப் பித்தான் என்று கேட்டார்.

நாலு வருஷமாக அவன் முகத்தைப் பார்க்காமல் போனவர்கள் எல்லாம் இப்போது "தவராஜண்ணே" என்று கூப்பிட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை அவன் குழாயடியில் நின்று, பித்தானை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாளி நிறைந்ததும் தன் கையாலேயே குழாயை மூடினான். அவன் தொட்டுத் திறந்தால்தான் சூடாக வருகிறது என்று யாரோ சொன்னார்கள், அதையும் எல்லாரும் சாதாரணமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அவன் மனைவி யோகராணி கீழே பஜாரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. பகலெல்லாம் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் புரட்டுகிற கை அது, உடம்பின் சூட்டில் கால் டிகிரி குறைந்தாலும் தெரிந்துகொள்ளும். ஹீட்டர் தானாகக் கொதிக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள், தவராஜுக்கு டீ கொடுக்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது. பித்தளைத் தாழ்ப்பாளைத் தொட்டதுபோல இருந்தது. அவன் டம்ளரைக் கையில் வாங்கின மாத்திரத்தில் டீயின் மேல் ஆடை படிந்தது. வாசலில் வரிசையில் நின்றவர்கள் பேசப் பேச எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது, தவராஜ் வாயிலிருந்து மட்டும் வரவில்லை, அவன் மூச்சும் வெளிக்காற்றும் ஒரே குளிரில் இருந்தன.

"உங்களுக்குக் குளிரலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து அவன் அக்குளில் வைத்தாள். தொண்ணூற்றாறு காட்டியது. இரண்டு நாள் கழித்துத் தொண்ணூற்றைந்து. யாருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பம்ப் ரிப்பேர், இன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று வாசலில் நின்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் அவன் கையைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. திங்கட்கிழமை விட்டுப்போன கணக்குக்கும் சேர்த்து அறுபத்தாறு வாளி போயிற்று, அன்றைக்குப் பாதரசம் குமிழை விட்டு நகரவே இல்லை.

அவள் தெர்மாமீட்டரை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது எங்கேயிருந்து சூடாகுதுன்னு தெரியுதா உங்களுக்கு?"

தவராஜ் சட்டைப்பையிலிருந்த பித்தான்களைத் தட்டில் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"எப்போலருந்து?"

"மொத நாள்லருந்தே. கையை வச்சதும் உள்ள இழுத்துச்சு. விடலாம்னா விட்டிருக்கலாம்."

"ஏன் விடலை?"

"நாலு வருஷமா இந்த வாசல்படி மிதிச்சு யாராவது வந்தாங்களா ராணி? இப்போ டீச்சரம்மா என்னைப் பார்த்துக் கும்பிடறாங்க. நீ போய் ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டு, சாயந்தரமே இந்த வாசல் காலியாயிடும். அதுக்கப்புறம் நான் இந்தச் சேர்ல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கான சூடு அவனிடம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் சங்கத்தில் சொல்வது என்று முடிவு செய்தாள். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள், மனுஷர்கள்தானே என்று நம்பினாள். பழைய தொழிற்சாலைக் கேன்டீனில் இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருக்க, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். யாரும் அதிர்ச்சியடையவில்லை, யாரும் நம்பாமலும் இல்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.  பிறகு ஒருவர், வாரத்துக்கு ஒரு நாள் லீவு விட்டால் போதுமே என்றார். இன்னொருவர், வீட்டுக்கு ஒரு வாளி என்று குறைத்துக்கொள்ளலாம் என்றார். தினம் ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் கொடுத்துவிடுவோம், முட்டை கொடுப்போம், உடம்பு தேறிவிடும் என்றார் ஒரு பெண். ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் நிம்மதியானார்கள்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க," என்றாள் யோகராணி.

சம்பூர்ணம் டீச்சர் எழுந்து நின்றார். இரண்டு காலிலும் சமமாக ஊன்றி, எதையும் பிடிக்காமல் நின்றார். "நான் பொய் சொல்ல மாட்டேன் யோகராணி. ஆறு வருஷத்துக்கப்புறம் இப்போதான் நான் வலியில்லாம தூங்கறேன். அவன் சம்மதிச்சுத்தானே குடுக்கறான்? நம்மால முடிஞ்சதை அவனுக்குச் செய்வோம்."

அன்று சாயங்காலமே வந்துவிட்டன. பெட்டியில் மடித்து வைத்திருந்த ஸ்வெட்டர்கள், மப்ளர்கள், கம்பளிக் குல்லாக்கள், தூக்குவாளியில் சூப். பதினேழு ஸ்வெட்டர் வந்தது. கொண்டுவந்தவர்கள் அவற்றை அவனுக்கு அன்போடு போட்டுவிட்டார்கள், தோளைத் தட்டிக்கொடுத்தார்கள், மறக்காமல் நாளைக்கான பித்தானையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். யோகராணி சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரியாமல் வாங்கிப் போனபோது அவளுக்கு அவர்கள்மேல் பயம் இருந்ததில்லை. இப்போது இருந்தது.

எல்லாரும் போன பிறகு ஹசீனா மட்டும் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, வெள்ளைப் பித்தானை யோகராணி கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள்.

"தெரியாம வாங்கிட்டேன்க்கா. இனி வேணாம்."

"புள்ளைக்கு?"

"தோலோட தோலா நெஞ்சுல போட்டுக்கிறேன். நர்சம்மா அப்படித்தான் சொன்னாங்க. அல்லா பாத்துக்குவான்."

மறுநாள் யோகராணி பஜாருக்குப் போய், ஹீட்டர் மாட்டுகிற லாரன்ஸைப் பார்த்தாள். ஊர் முழுக்க எல்லார் வீட்டுக் குளியலறையும் தெரிந்த மனுஷன் அவர். பதினைந்து லிட்டர் போதும், இருபத்தைந்து உங்களுக்குத் தேவையில்லை என்றார். பழைய ஹீட்டரின் துளைக்குப் புது ஹீட்டர் சேராது, சுவரில் வேறு துளை போடணும், வயர் புதிதாக இழுக்கணும், கனமான பிளக் வைக்கணும், தண்ணீர் போகிற வருகிற இரண்டு குழாயும் மாற்றணும், எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ஆகும் என்றார். யோகராணி காதில் கிடந்ததை விற்று வந்த பணத்தை மேஜைமேல் வைத்தாள்.

"பழசு என்னக்கா கோளாறு?"

"என் வீட்டுக்காரரைக் காய்ச்சிக் குடுக்குது."

லாரன்ஸ் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டார். "ரொம்ப வருஷம் ஒரே வீட்ல மாட்டி வச்சா சிலது அப்படிப் பழகிரும். வெள்ளிக்கிழமை காலைல வரேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாற்பது வாளி போயிற்று. வியாழக்கிழமை அவன் பக்கத்தில் வைத்திருந்த நல்லெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிட்டது. பேசும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. ஆனாலும் ஆறு மணிக்கு எழுந்து, பதினேழு ஸ்வெட்டர்களில் முடிந்தவரை போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு லாரன்ஸ் புது ஹீட்டர் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையை விலக்கி உள்ளே வந்தபோது, வாசலில் பதினெட்டு பேர் வாளியோடு நின்றார்கள். 

தவராஜ் மனைவியைப் பார்த்தான். "என்னைக் கேட்டியா?"

"கேக்கலை," என்றாள் அவள். "கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும்."

அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டுவந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் திமிறவில்லை, திமிற முடியவில்லை. லாரன்ஸ் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "தொட்டித் தண்ணிய வடிச்சிட்டுத்தான் கழட்டணும்க்கா, இல்லாட்டி கனம் தாங்காது, மேல விழுந்தா காலு நசுங்கிரும்," என்றார். மேலிருந்து தண்ணீர் வருகிற வால்வை அடைத்தார். கீழே வடிகால் திருகைத் திறந்தார்.

இருபத்தைந்து லிட்டர் வடிய ஐந்து நிமிஷம் போதும். பத்து நிமிஷம் ஆயிற்று. வால்வு இறுக்கி அடைத்திருந்தும் கட்டைவிரல் தடிமனுக்குக் கொதிநீர் விழுந்துகொண்டே இருந்தது. குளியலறைத் தரை நிறைந்து, வாசல் சாக்கடை நிறைந்து, உறைபனி படிந்த புல்லின்மேல் ஆவி புரண்டு ஓட, வரிசையில் நின்றவர்கள், ஐயோ வீணாகுதே, வீணாகுதே என்று சாக்கடையில் குனிந்து வாளியில் அள்ள ஆரம்பித்தார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. "வடிஞ்சிரும்க்கா, வடிஞ்சிரும்," என்று லாரன்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் நெற்றியில் வியர்வை கோத்து நின்றது.

யோகராணி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தவராஜின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவன் புருவத்தில் உறைபனி பூத்திருந்தது. உதடு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. அவள் ஓடிப்போய் அவன் மார்பில் காதை வைத்தாள், ஒரு அடி கேட்டது, அடுத்த அடிக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அடைங்க!" என்று கத்தினாள். "அடைங்க லாரன்ஸ்! வடியாது அது, அவரு தீர்ற வரைக்கும் வடியாது!"

லாரன்ஸ் திருகை அடைத்தார். "அப்ப முழுசாத்தான் எறக்கணும். எனக்கு ஆள் வேணும்."

யோகராணி வாசலுக்கு வந்தாள். பதினெட்டு பேர், பதினெட்டு வாளி.

"வாளியைக் கீழ வைங்க," என்றாள். "எனக்குக் கை வேணும்."

யாரும் அசையவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் டீச்சரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஹசீனா வந்தாள், நெஞ்சிலிருந்த குழந்தையை எடுத்து, முன்னால் நின்ற சம்பூர்ணம் டீச்சர் கையில், கேட்காமலே வைத்துவிட்டு உள்ளே போனாள். டீச்சரின் கையில் வாளி இருந்தது, குழந்தையைப் பிடிக்க வாளியை விட வேண்டியதாயிற்று, அது படியில் உருண்டு போனது. வெந்நீர் நின்று நாலு நாள் ஆகியும் குழந்தை கதகதப்பாக இருந்தது. டீச்சர் அதை அணைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே நாற்காலியில் பனி பூத்துக் கிடந்த ஆளைப் பார்த்தார். அவர் முகம் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது, எல்லாரும் அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பிக்கொண்டார்கள். பிறகு அவர் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார்.

"வாங்க," என்றார். "எல்லாரும் வாங்க. நான் கீழ்ப்பக்கம் புடிக்கிறேன்."

லாரன்ஸ் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, ஆறு பேர் தொட்டியைத் தாங்கினார்கள். கடைசி போல்ட் கழன்றபோது கனம் முழுக்கக் கையில் இறங்கிற்று. அது இருபத்தைந்து லிட்டரின் கனம் அல்ல, வளர்ந்த ஒரு ஆளின் கனம். டீச்சரின் முட்டி சடக்கென்று மடங்கியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தார். குழாய் வாய் இரண்டையும் லாரன்ஸ் மூடி போட்டு அடைத்தார். அடி அடியாகத் தூக்கி வந்து கட்டிலில் இறக்கினார்கள், தவராஜை அதன் பக்கத்தில் படுக்க வைத்து அவன் கையை அதைச் சுற்றிப் போட்டார்கள், அதற்கும் அவனுக்கும் சேர்த்து அந்தப் பதினேழு ஸ்வெட்டர்களையும் மூடினார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்பதால் ஆளுக்கொரு வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

லாரன்ஸ் குளியலறையில் புதுத் துளை போட்டார். டிரில் மெஷின் சத்தத்தில் வீடு அதிர்ந்தது. யோகராணி கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கையைத் தொட்டிமேலும் ஒரு கையைக் கணவன்மேலும் வைத்திருந்தாள். மூன்று நாள் அப்படியே இருந்தாள். தொட்டி ஆற ஆற அவன் சூடானான், அவ்வளவு மெதுவாக. மூன்றாம் நாள் மத்தியானம் தொட்டி வெறும் தகரமாகக் குளிர்ந்து கிடந்தது, அவன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். லாரன்ஸ் வந்து தொட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு தவராஜ் மனைவியோடு பேசவில்லை. காலனி மறுபடியும் குளிரத் தொடங்கிற்று. ஸ்வெட்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, யோகராணியின் முகத்தைப் பார்க்காமல், அது எங்களுது, அந்தப் பச்சை எங்களுது என்று வாங்கிப் போனார்கள். பதினேழாவது ஸ்வெட்டரும் போன பிறகு வாசலுக்கு யாரும் வரவில்லை. தவராஜ் சேரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். புது ஹீட்டரை அவன் தொடவில்லை, பச்சைத் தண்ணீரிலேயே குளித்தான். யோகராணி இந்த விலையையும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். ஆனால் சில நாள் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துக் காலையில் கதவு தட்டப்பட்டது. சம்பூர்ணம் டீச்சர் கைத்தடியோடு, பதினோரு படி பக்கவாட்டில் ஏறி வந்த மூச்சிரைப்போடு நின்றார்.

"தவராஜ் இருக்கானா?"

யோகராணி பதில் சொல்வதற்குள் அவன் எழுந்து வந்தான்.

"தண்ணிக்கு வரலைப்பா," என்றார் டீச்சர். "நான் மறுபடியும் அடுப்புலதான் காய்ச்சிக்கறேன். ஒரு லோடு சீகை மரத்து வெறகு வந்து எறங்கியிருக்கு, மொத்தமா முழுக் கட்டை. பொளந்து குடுக்க எனக்கு ஆள் இல்லை. உனக்கு முடியுமா, முடியாதா, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." கைத்தடியைக் கை மாற்றிக்கொண்டார். "முடியலைன்னாலும் பரவாயில்ல. நான் வந்ததுக்கு வேற காரணமும் இருக்கு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

 தவராஜ் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனான்.

மத்தியானம் வரை கோடாலிச் சத்தம் கேட்டது. இடையில் வேறு இரண்டு பேர் குரலும் கேட்டது, யாரோ சிரித்ததும் கேட்டது. அன்றைக்கு யோகராணிக்கு லீவு, அவள் அரிசி களைந்துகொண்டு, சத்தம் நிற்கிறபோதெல்லாம் கை நின்று, மறுபடியும் தொடங்கியதும் களைந்தாள். ஒரு மணிக்கு அவன் படியேறி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கழுத்திலிருந்து வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"குளிக்கணும்," என்றான். பல நாளுக்குப் பிறகு அவளிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் போய்ப் புது ஹீட்டரின் சுவிட்சைப் போட்டாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"பதினஞ்சு நிமிஷம் ஆகும்," என்றாள்.

"அவ்வளவு நேரமா?"

"அவ்வளவு நேரம் ஆகும்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் வீட்டில் இன்னும் பாதிக் கட்டை கிடக்கிறது, நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார், கோடாலிக்குச் சரியான பிடி இல்லை, புதுசு போட வேண்டும் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். உள்ளே தண்ணீர், யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல், தன் பாட்டுக்கு மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.